புது டயர் போட்டதும் மைலேஜ் குறைந்தது ஏன்?
சிக்கனக் காருக்கு டயர் வாங்கும் கணக்கு



பருப்பு மூட்டை வந்து இறங்கினால் ஒரு கை அள்ளிப் பார்க்காமல் நாம் பில்லில் கையெழுத்துப் போடுவதில்லை. எண்ணெய் டின்னை எடை போடாமல் உள்ளே ஏற்றுவதில்லை. கணக்கில் ஐம்பது காசு இடித்தாலும் மொத்த வியாபாரிக்குப் போன் போட்டுக் கேட்டுவிடுகிறோம். ஆனால் பதினைந்தாயிரம், இருபதாயிரம் ரூபாய் செலவழித்துக் காருக்கு டயர் மாற்றும்போது மட்டும், "நல்லதா நாலு போட்டு வைங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிவிடுகிறோம். அதன் பலனாக வந்த ஒரு வழக்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

காலடிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரும், அதே நெடுஞ்சாலையில் டயர் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவரும் பல வருடப் பழக்கம். டயர் கடைக்காரர் வீட்டு மாத மளிகை அண்ணாச்சி கடையில்தான். அண்ணாச்சியின் கார் வேலை அத்தனையும் அந்தத் தம்பி கடையில்தான். சென்ற முறை அண்ணாச்சி நாலு டயரையும் மாற்றினார். பாதிப் பணம் கொடுத்தார், பாதி பாக்கி. இரண்டு மாதம் கழித்துப் பாக்கி கேட்கப் போன தம்பிக்குக் கிடைத்த பதில் இது:

"லிட்டருக்கு இருபது கொடுத்துட்டிருந்த வண்டிய்யா. ஒன் டயரைப் போட்ட நாள்லேர்ந்து பத்தொன்பதைத் தாண்ட மாட்டேங்குது. மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டு, பாக்கி வேற கேக்குறியா?"

"அண்ணாச்சி, கம்பெனி சரக்கு, பில் போட்டுக் கொடுத்திருக்கேன். டயர்ல ஒண்ணும் குறையில்லை" என்றார் தம்பி. அண்ணாச்சி நம்பவில்லை. மளிகைக் கணக்கு நின்றது, பேச்சும் நின்றது. பெரியவர்கள் இரண்டு பேர் நடுவில் உட்கார்ந்து விசாரிக்க வேண்டியதாயிற்று. அதில் இக்கட்டுரையாளரும் ஒருவன்.

விசாரித்ததில் தெரிந்தது என்னவென்றால், அண்ணாச்சி சொன்னது பொய்யில்லை. தம்பி விற்றதும் மட்டச் சரக்கு இல்லை. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் இக்கட்டுரை.

டயரும் நம் ஊரும்

கவர்னர் ஜோசப் கோலெட் 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆட்சி செய்த காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. கோலெட் பேட்டைதான் மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆக, வியாபாரத்திற்கென்றே பிறந்த ஊர் நம்முடையது. டயருக்கும் நமக்கும் உள்ள உறவும் சாதாரணமானதல்ல. 1946-ல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்யும் சிறு தொழிலைத் தொடங்கியது இதே திருவொற்றியூரில்தான். 1952-ல் பழைய டயருக்குப் புதுப் பட்டன் ஒட்டும் ரப்பரில் இறங்கி, 1960-களில் டயர் உற்பத்திக்கு வந்த அந்தத் தொழில்தான் இன்றைய எம்.ஆர்.எஃப். டயர் கம்பெனிச் சங்கு ஊதும் ஓசையில் எழுந்த குடும்பங்கள் நம் பகுதியில் எத்தனையோ உண்டு.

2021 பிப்ரவரியில் காலடிப்பேட்டைக்கு மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. ஆனால் பாரிமுனையிலிருந்து சரக்குக் கட்டோடு திரும்பும் வியாபாரிக்கும், மணலி, மாதவரம், பொன்னேரி என்று வசூலுக்குச் சுற்றுபவருக்கும் கார் இல்லாமல் முடிவதில்லை. நாம் வாங்குவதும் பெரும்பாலும் சிறிய, எண்ணெய்ச் செலவு குறைந்த கார்களையே. அத்தகைய காரின் சிக்கனத்தைக் காப்பதும் கெடுப்பதும் பெருமளவில் டயர் கையில் இருக்கிறது.

டயர் எப்படிப் பெட்ரோல் குடிக்கிறது?

நெடுந்தூரம் ஓடி வந்த காரின் டயரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும். வெயில் மட்டும் அதற்குக் காரணமல்ல. டயர் உருளும்போது தரையில் படும் பகுதி வண்டியின் கனத்தால் தட்டையாகிறது, மேலே வந்ததும் மீண்டும் வளைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் இப்படி அமுங்கி நிமிர்கிறது. அமுக்குவதற்குச் செலவான சக்தி முழுவதும் நிமிரும்போது திரும்பக் கிடைப்பதில்லை. ஒரு பங்கு சூடாகி வீணாகிறது. அந்தச் சூடு நாம் பங்கில் போட்ட பெட்ரோல்தான். இதை உருளல் தடை என்று சொல்லலாம்.

இந்தத் தடையில் பெரும்பங்கு தரையைத் தொடும் பட்டன் ரப்பரில் ஏற்படுகிறது. பட்டன் கனமாக இருந்தால் அமுங்கி நிமிரும் ரப்பர் அதிகம், வீணாகும் சக்தியும் அதிகம். கரி கலந்த சாதாரண ரப்பரில் இந்த வீணைக் குறைத்தால் ஈரத் தரையில் பிடிமானமும் குறைந்துவிடும் என்பது பழைய சிக்கல். 1992-ல் மிச்செலின் கம்பெனி, பட்டன் ரப்பரில் சிலிக்கா சேர்த்த டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிடிமானத்தை விட்டுக்கொடுக்காமல் தடையைக் குறைக்கும் வழி அதனால் பிறந்தது. இன்று நல்ல டயர்கள் பலவற்றில் இந்தச் சிலிக்கா உண்டு.

உருளல் தடை குறைந்தால் எவ்வளவு மிச்சம்? அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2006-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, தடை 10 சதவீதம் குறைந்தால் எரிபொருளில் 1 முதல் 2 சதவீதம் மிச்சமாகும். இந்த எண்ணை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். "எங்க டயரைப் போட்டால் மைலேஜ் அஞ்சு கிலோமீட்டர் ஏறும்" என்று யாராவது சொன்னால், அது நடக்காது என்று உடனே தெரிந்துகொள்ள இந்த ஒரு எண் போதும்.

அண்ணாச்சியின் ஒரு கிலோமீட்டர் எங்கே போனது?

நல்ல வேளையாக அண்ணாச்சியின் பழைய டயர்கள் தம்பியின் கடைப் பின்புறத்திலேயே கிடந்தன. ஆழம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தோம். பழைய டயரில் பட்டன் ஆழம் ஒன்றரை மில்லிமீட்டர்தான் இருந்தது. புது டயரில் ஏழரை மில்லிமீட்டர் இருந்தது. வித்தியாசம் 6 மில்லிமீட்டர். அப்போதே பாதி விடை கிடைத்துவிட்டது.

முதல் காரணம் மீட்டர். காரில் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டர், சாலையை அளப்பதில்லை. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணித்தான் கணக்குச் சொல்கிறது. அண்ணாச்சியின் டயர் 165/80 R14 அளவு. புதிதாக இருக்கும்போது அதன் விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். பட்டன் 6 மில்லிமீட்டர் தேய்ந்தால் இரண்டு பக்கமும் சேர்த்து விட்டத்தில் 12 மில்லிமீட்டர் குறையும். சிறுத்த சக்கரம் அதே தூரத்துக்கு அதிகச் சுற்று சுற்றும். ஆகவே மீட்டர் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை கூடுதலாகக் காட்டும். தராசில் படிக்கல் தேய்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா? அதே கதைதான் இதுவும். மொட்டை டயரில் அண்ணாச்சி பார்த்த "இருபது" உண்மையில் இருபதாக இருந்திருக்காது. அதில் 0.2 முதல் 0.4 கிலோமீட்டர் வரை மீட்டர் செய்த கற்பனை.

இரண்டாவது காரணம் பட்டன் ரப்பர். டயர் தேயத் தேய, அமுங்கி நிமிரும் ரப்பர் குறைவதால் உருளல் தடையும் குறைகிறது. புது நிலையிலிருந்து முழுதும் தேயும் நிலைக்கு வரும்போது இந்தக் குறைவு ஏறத்தாழ 20 சதவீதம் அளவில் இருக்கலாம். மேலே சொன்ன கணக்குப்படி பார்த்தால் இது எரிபொருளில் 2 முதல் 4 சதவீதம். இருபது ஓடும் வண்டியில் 0.4 முதல் 0.8 கிலோமீட்டர்.

இரண்டையும் கூட்டினால் 0.6 முதல் 1.2 கிலோமீட்டர் வருகிறது. அண்ணாச்சி இழந்ததாகச் சொன்ன ஒரு கிலோமீட்டர் இதற்குள் அடங்கிவிடுகிறது. அதில் ஒரு பகுதி முதலிலிருந்தே இல்லாதது. மறுபகுதி டயர் தேயத் தேயத் தானாகத் திரும்பி வரும். தம்பி எந்தக் கம்பெனி டயரைப் போட்டிருந்தாலும் இதில் பெரும்பங்கு நிகழ்ந்தே இருக்கும்.

ஆகவே புது டயரை மொட்டை டயரோடு ஒப்பிடக் கூடாது. வண்டி புதிதாக வந்தபோது, முதல் சில ஆயிரம் கிலோமீட்டர்களில் என்ன மைலேஜ் கொடுத்தது என்று குறித்து வைத்திருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். அதிலும் வித்தியாசம் தெரிந்தால் அப்போது டயரைச் சந்தேகிக்கலாம். ஏனெனில் கார் கம்பெனிகள் தங்கள் வண்டியின் சராசரி எரிபொருள் அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டிய விதி 2017-18 முதல் அமலில் உள்ளது, 2022-23 முதல் இன்னும் இறுகியுள்ளது. அதனால் அவர்கள் புது வண்டியில் தடை குறைந்த டயராகப் பார்த்துப் பொருத்துவது வழக்கம். கடையில் வாங்கும் மாற்று டயர் அதே கம்பெனிப் பெயரோடு இருந்தாலும் அதே மாடலாக இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய டயரைக் கழற்றுமுன் அதன் மாடல் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

விலையா, மிச்சமா?

இனி நமக்குப் பிடித்த கணக்குக்கு வருவோம். லிட்டருக்கு 20 ஓடும் கார், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், டயர் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த டயர் இருக்கும் காலத்தில் நாம் போடும் பெட்ரோல் 2,000 லிட்டர், அதாவது 2 லட்சம் ரூபாய். டயருக்குக் கொடுப்பது, ஒன்று 4,000 என்றால், நாலுக்கு 16,000. டயர் விலையைப் போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் பெட்ரோலுக்குப் போகிறது.

உருளல் தடை 20 சதவீதம் குறைந்த டயர் கிடைத்தால் 2 முதல் 4 சதவீதம், அதாவது 4,000 முதல் 8,000 ரூபாய் மிச்சம். ஒரு டயருக்கு 500 ரூபாய் கூடுதல் என்றால் மொத்தம் 2,000 போட்டு அதற்கு மேல் எடுக்கிறோம், லாபம். ஒரு டயருக்கு 2,500 ரூபாய் கூடுதல் என்றால் 10,000 போட்டு அதிகபட்சம் 8,000 எடுக்கிறோம், நஷ்டம். கணக்கு இவ்வளவுதான்.

இதில் உழைப்பையும் சேர்க்க வேண்டும். சிக்கன டயர் என்று வாங்கியது 40,000-க்குப் பதில் 30,000 கிலோமீட்டரிலேயே தேய்ந்துவிட்டால், 10,000 கிலோமீட்டருக்கு 4,000 ரூபாயாக இருந்த டயர்ச் செலவு 5,300-ஐத் தாண்டுகிறது. அதே தூரத்தில் பெட்ரோலில் 2 சதவீதம் மிச்சம் என்றால் 1,000 ரூபாய்தான். இடது கையில் வாங்கியதை வலது கையில் விட்ட கதையாகிவிடும்.

மாதம் 300 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் வியாபாரிகளும் நம்மில் உண்டு. அவர்களுக்கு வருடப் பெட்ரோலே 18,000 ரூபாய்தான். 3 சதவீதம் மிச்சம் என்றாலும் வருடத்துக்கு 540 ரூபாய். அவர்கள் டயர் தேயுமுன்பே ரப்பர் முதிர்ந்துவிடும். ஐந்து வருடத்துக்கு மேல் ஆன டயரை ஆண்டுதோறும் பரிசோதிக்கவும், பத்து வருடத்தில் பட்டன் இருந்தாலும் கழற்றவும் பல கம்பெனிகள் கூறுகின்றன. ஆகவே குறைவாக ஓட்டுபவர்கள் சிக்கன டயருக்கென்று அதிக விலை கொடுக்கத் தேவையில்லை. ஈரப் பிடிமானத்தையும் தயாரிப்புத் தேதியையும் பார்த்தால் போதும்.

2025 செப்டம்பர் 22 முதல் புது டயர்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. பில்லில் அந்தக் குறைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். பில் இல்லாமல் வாங்கினால் கொஞ்சம் மிச்சம் என்று ஆசை காட்டுபவர்களிடம் ஏமாறாதீர்கள். பில் இல்லாத டயருக்கு உத்தரவாதமும் இல்லை.

மழை நாளில் நிற்க வேண்டும்

பணக் கணக்கு எவ்வளவு இருந்தாலும், அதற்கு முன் நிற்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்பதும், மழை பெய்தால் புழுதியும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து சாலை வழுக்குவதும் நாம் அன்றாடம் காண்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முன்னே போகும் டிரெய்லர் திடீரென்று பிரேக் போட்டால், நம் கார் நிற்பதும் அதன் அடியில் போய்ச் செருகுவதும் சில அடித் தூரத்தில் முடிவாகிறது. அந்தச் சில அடிகளை நமக்குத் தருவது உள்ளங்கை அகல நாலு ரப்பர் துண்டுகள்தாம்.

பட்டனில் உள்ள பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. சாலையில் நிற்கும் நீரை வாங்கி வெளியே தள்ளுவதே அவற்றின் வேலை. பள்ளம் ஆழமில்லாவிட்டால் டயர் தரையைத் தொடாமல் நீரின் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது பிரேக்கும் ஸ்டியரிங்கும் பெயரளவுக்குத்தான். மொட்டை டயரில் மைலேஜ் நன்றாக வருகிறதே என்று மழைக்காலம் முடியும்வரை ஓட்டுபவர்கள், லிட்டருக்கு அரைக் கிலோமீட்டருக்காக உயிரை அடகு வைக்கிறார்கள். காரின் டயரில் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்த பட்டன் இருக்கக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. டயரின் பள்ளங்களுக்கு நடுவே சிறு மேடுகள் இருப்பதைக் காணலாம். பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். மழைக்காலம் நெருங்கும்போது 3 மில்லிமீட்டர் அளவிலேயே மாற்றிவிடுவது அறிவுடைமை.

ஆகவே சிக்கன டயர் கேட்கும்போது, "இதில் ஈரப் பிடிமானம் எப்படி?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து நன்றாக உள்ள டயரே நமக்கு ஏற்றது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை வந்தால் பிடிமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் எழுதியுள்ள ஜாதகம்

டயரின் பக்கத்தில் எல்லாம் எழுதியே இருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை. 165/80 R14 85T என்பதை எடுத்துக்கொள்வோம். 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கவாட்டு உயரம் அகலத்தில் 80 சதவீதம் என்பது. R என்றால் ரேடியல். 14 என்பது சக்கரத்தின் அளவு, அங்குலத்தில். 85 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 515 கிலோ தாங்கும் என்று பொருள். T என்பது மணிக்கு 190 கிலோமீட்டர் வேகம் வரை தாங்கும் என்பது.

சுமைக் குறியீட்டை வியாபாரிகள் அவசியம் பார்க்க வேண்டும். நாம் காரில் ஆட்களை மட்டும் ஏற்றுவதில்லை. பின்சீட்டை மடக்கிவிட்டு அரிசி மூட்டையையும் ஏற்றுகிறோம். கம்பெனி குறிப்பிட்ட எண்ணுக்குக் குறைந்த சுமைக் குறியீடு உள்ள டயரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அளவை மாற்றுவதிலும் எச்சரிக்கை தேவை. 165/80 R14-க்குப் பதில் 175/65 R14 போட்டால் அதே சக்கரத்தில் உட்காரும், அகலமாகவும் தெரியும். ஆனால் விட்டம் 620-லிருந்து 583 ஆகிவிடும். ஏறத்தாழ 6 சதவீதம் குறைவு. மீட்டரில் மைலேஜ் ஏறியது போல் காட்டும், உண்மையில் ஏறியிராது. வண்டியும் தரையை நோக்கி இறங்கி வேகத்தடைகளில் இடிக்கும். பார்வைக்கு அகல டயர் போடுவதும் சிக்கனத்துக்கு எதிரி. கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டியுள்ள சீட்டில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள்.

தயாரிப்புத் தேதி நாலு இலக்கத்தில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்த சரக்கைப் புதுச் சரக்கின் விலையில் வாங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்க வேண்டும். 2009-ல் பிறப்பிக்கப்பட்ட தரக் கட்டுப்பாட்டு ஆணை இதைக் கட்டாயமாக்கியது. கார் டயருக்கு உரிய தர எண் ஐ.எஸ். 15633.

அரசு விதியும் நட்சத்திரமும்

உருளல் தடை, ஈரப் பிடிமானம், ஓசை ஆகிய மூன்றுக்கும் ஏ.ஐ.எஸ். 142 என்ற தரத்தை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2022-ல் கட்டாயமாக்கியது. புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023-லும் இது அமலுக்கு வந்தது. இந்தத் தரம், இதற்கு மேல் மோசமாக இருக்கக் கூடாது என்ற எல்லைக் கோடு. பாஸ் மார்க் எடுத்தவன் எல்லாம் முதல் மாணவன் அல்லவே.

யார் முதல் என்பதற்கு நட்சத்திரம் இருக்கிறது. ஏ.சி.யிலும் ஃபிரிட்ஜிலும் நட்சத்திரம் ஒட்டச் சொல்லும் பி.இ.இ. என்ற மத்திய அமைப்பு, டயருக்கும் அதுபோன்ற திட்டத்தைக் கொண்டுவந்துள்ளது. அந்த முத்திரை உள்ள டயர் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் டயர்களில் சிக்கனத்துக்கும் ஈரப் பிடிமானத்துக்கும் தனித்தனியாக ஏ முதல் ஈ வரை தரம் போட்டிருக்கும். ஏ என்றால் சிறந்தது. இரண்டு எழுத்தையும் பாருங்கள், ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்.

மாற்றிய பிறகு

நல்ல டயர் வாங்கியதோடு வேலை முடியவில்லை. காற்றுதான் டயரின் உயிர். நாலு டயரிலும் சராசரியாக ஒரு பவுண்டு காற்று குறைந்தால் எரிபொருள் 0.2 சதவீதம் வீணாகும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. 32 இருக்க வேண்டிய இடத்தில் 24 இருந்தால் 1.6 சதவீதம். 2 லட்ச ரூபாய் பெட்ரோலில் 3,200 ரூபாய் காற்றோடு போயிற்று. ஆயிரக்கணக்கில் விலை கொடுத்துச் சிக்கன டயர் வாங்கிவிட்டுக் காற்றைக் கவனிக்காதவர், ஓட்டைச் சாக்கில் சர்க்கரை கொட்டுபவர்.

ஓட்டை இல்லாவிட்டாலும் டயரில் மாதம் ஒரு பவுண்டு அளவில் காற்று தானாகவே குறையும். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுத்ததும், டயர் சூடேறுமுன் காற்றைப் பாருங்கள். எத்தனை பவுண்டு என்பது கதவோரச் சீட்டில் இருக்கிறது. முழுச் சுமைக்குத் தனி அளவு போட்டிருந்தால் சரக்கு ஏற்றும் நாளில் அதைப் பின்பற்றுங்கள். மைலேஜ் கிடைக்கும் என்று அளவுக்கு மீறி அடைக்கவும் கூடாது. நடுப்பட்டன் மட்டும் தேயும், பிடிமானம் குறையும். ஸ்டெப்னிக்கும் காற்றுப் பார்க்க மறக்க வேண்டாம்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் ஒரே அச்சில் இரண்டும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். புதியவற்றைப் பின்பக்கம் போடுங்கள். பலரும் முன்பக்கம்தான் போடச் சொல்வார்கள். ஆனால் மழையில் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும், அதைச் சமாளிப்பது கடினம். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை முன்பின்னாக மாற்றிப் போடுவதும், அலைன்மென்ட், பேலன்சிங் பார்ப்பதும் டயரின் ஆயுளைக் கூட்டும். லாரிகளிலிருந்து உதிரும் ஆணியும் இரும்புத் துண்டும் நம் சாலைகளில் ஏராளம். பட்டன் பகுதியில் பஞ்சர் என்றால் ஒட்டலாம். பக்கவாட்டில் கிழிசலோ புடைப்போ வந்தால் ஒட்டிச் சமாளிக்காமல் மாற்றிவிடுங்கள்.

மைலேஜை அளப்பதற்கும் ஒரு முறை உண்டு. ஒரே பங்கில் டேங்க் நிரப்பி, மீட்டரைக் குறித்து, ஓட்டி முடித்து மீண்டும் அதே பங்கில் நிரப்பிப் பாருங்கள். ஒருமுறை பார்த்து முடிவு கட்டாமல் மூன்று நான்கு முறை சராசரி எடுங்கள். நெரிசலில் நின்ற நாளும், ஏ.சி. போட்ட நாளும் டயரின் தலையில் விழக் கூடாது.

டயர் விற்கும் நம்மவர்களுக்கு

இச்சங்க இதழைப் படிப்போரில் டயர் வியாபாரிகளும் உண்டு. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புது டயர் போட்டதும் மீட்டரில் மைலேஜ் சற்றுக் குறைந்துதான் தெரியும் என்பதைப் பில் போடும்போதே சொல்லிவிடுங்கள். பட்டன் ஆழம் அளக்கும் கருவியை மேஜை டிராயரில் பூட்டி வைக்காமல் வாடிக்கையாளர் கையிலேயே கொடுங்கள். பழைய டயர், புது டயர் இரண்டையும் அவரே அளக்கட்டும். சொல்லாமல் விட்ட ஒரு வார்த்தை பின்னால் பெரிய பழியாக வருகிறது. முன்பே சொன்னவனுக்கு அது நல்ல பெயராகவே மாறுகிறது.

அண்ணாச்சி அன்று கருவியைத் தன் கையால் வாங்கி, இரண்டு டயரையும் இரண்டு தரம் அளந்தார். கணக்குப் போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "இதைப் போடுற அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன்டா தம்பி இவ்வளவு பேசப் போறேன்?" என்றார். "எனக்கே இன்னைக்குத்தான் அண்ணாச்சி முழுசாப் புரியுது" என்றார் தம்பி. பாக்கிப் பணம் மறுநாள் காலையிலேயே போய்ச் சேர்ந்தது. அந்த மாத மளிகைச் சீட்டும் பழையபடி அண்ணாச்சி கடைக்கே வந்தது.

படிக்கல்லைச் சரிபார்க்காமல் எடையைக் குறை சொல்லக் கூடாது என்பது வியாபாரிக்குப் பாலபாடம். காருக்கும் அதுவே பொருந்தும். அடுத்த முறை டயர் மாற்றப் போகும்போது சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், பத்து நிமிடம் பக்கத்தில் நின்று, அளவு, சுமை, தேதி, பிடிமானம், விலை ஐந்தையும் பார்த்து வாங்குங்கள். மழைக்காலம் வருமுன் உங்கள் காரின் நாலு டயரையும் இன்றே ஒருமுறை குனிந்து பாருங்கள்.